மூன்று நூல், நான்கு நூல்

அந்த விமானம் எங்கள் தோட்டத்துப் பந்துத் திடலில் இறங்கியபோது நான் பட்டறையில் துருத்தி இழுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். தினமும் மரங்களுக்கு மேலே பறந்து, காட்டில் இருப்பவர்களைச் சரணடையச் சொல்லும் துண்டுத்தாள்களைக் கொட்டிவிட்டுப் போகும் சின்ன விமானம்தான் அது. சத்தத்தை வைத்தே எங்களுக்கு அதைத் தெரியும். அன்று அந்தச் சத்தம் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் வெளியே ஓடி வந்து பார்த்தபோது அது புல்லின் மேல் உருண்டு போய்க்கொண்டிருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல், திடலின் ஓரத்து வடிகாலில், கான் என்போம் நாங்கள், இடது சக்கரத்தை விட்டுச் சாய்ந்தது.

விமானிக்கு அடி இல்லை. சிவந்த முடியுள்ள வெள்ளைக்காரன், வயது குறைவு. இறங்கி வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றிப் புல்லில் எறிந்தான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். எழுதி வைத்தவர்கள் யாருமில்லை. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். சப்பான் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவும் நானும் போனோம், நான் மட்டும் திரும்பினேன், இடது காலில் இரண்டு விரல் குறைவாக. அதற்குப் பிறகு ஓரிடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. ஏழு தோட்டம் மாறினேன். செர்காமில் சில மாதம் படகுக்குப் பலகை சுமந்தேன். மலாக்காவில் ஜாசினுக்கும் பெம்பானுக்கும் நடுவே இருந்த இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரப்பர் ஆலையின் பட்டறையில் சம்மட்டி அடிப்பேன், துருத்தி இழுப்பேன், மூட்டை தூக்குவேன், எடை போடுவேன். எஞ்சின்காரர் எதைச் சொன்னாலும் செய்வேன். அவர் ஆலையின் எஞ்சினையும் பட்டறையையும் பார்த்துக்கொண்டவர். ஐம்பதைத் தாண்டியவர், வாய் நீளம்.

வெள்ளைக்கார அரசுக்கும் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசர காலத்தின் நடு வருடங்கள் அவை. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே தலை காட்டக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கையில் கொண்டு போகக் கூடாது. காட்டுக்குள் போய்விடும் என்று வாசலில் தடவிப் பார்ப்பார்கள். எனக்கு இவையெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. சயாமில் சோறே இல்லை.

விமானத்தின் எஞ்சினில் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. பெட்ரோலில் குப்பை. எஞ்சின்காரரும் விமானியும் சேர்ந்து அன்று மதியமே குழாயைக் கழற்றி ஊதிச் சரி செய்துவிட்டார்கள். சக்கரத்தின் அச்சுதான் வளைந்துவிட்டது. மாற்று அச்சு சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஒரு விமானத்தைக் காட்டோரத்தில் நிறுத்திக் காவல் காக்க ஆள் கிடையாது. மேலிடத்திலிருந்து விமானிக்கு உத்தரவு வந்தது: மூன்றாம் நாள் நடுப்பகலுக்குள் பறக்க வேண்டும், இல்லையென்றால் கருவிகளைக் கழற்றிக்கொண்டு அங்கேயே கொளுத்திவிட வேண்டும். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்து எங்களுக்கு அதைச் சொன்னார்.

மறுநாள் காலையில் காவல் லாரியில், விமானம் பழுது பார்க்கும் ஃபிட்டர் வந்தார். வெள்ளைக்காரன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். லாரியின் பின்னாலிருந்து, காக்கி அரைக்கால் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக, என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர் ஒருவர் கருவிப்பெட்டியோடு குதித்தார். மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"யாருண்ணே இங்க பட்டறை?" என்று கேட்டார்.

"பட்டறை நானு. இவன் சும்மா மாடு மாதிரி நிப்பான்," என்றார் எஞ்சின்காரர் என்னைக் காட்டி.

நாங்கள் மூவரும் விமானத்தின் அடியில் படுத்துக்கொண்டு பார்த்தோம். அதுவரை விமானத்தின் கால் என்றால் பெரிய இரும்புத் தூண் மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் மணிக்கட்டை விடக் கொஞ்சம் பருமனான இரண்டு குழாய்கள், அவ்வளவுதான். மேலே உடம்போடு கீல் வைத்துச் சேர்ந்திருந்தன, கீழே ஒன்றாகக் கூடின. கூடிய இடத்திலிருந்து ஒரு குட்டை அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் சக்கரம். காலின் மேல்பகுதியில் விரல் கனமுள்ள கயிறு பல சுற்றாகச் சுற்றியிருந்தது. எஞ்சின்காரர் அதை நகத்தால் கீறினார்.

"ஏய், இது ரப்பருலா!"

"பின்ன? தரையில வந்து மோதுறப்ப அடி வாங்குறது அதுதாண்ணே."

"நம்ம வெட்டுற பாலு மேலயா இது வந்து குந்துது?" என்று எஞ்சின்காரர் ஃபிட்டரைப் பார்த்தார். பொய் சொல்கிறாரோ என்று சந்தேகம்.

ஃபிட்டர் அச்சின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"நெருப்புல காட்டி நாலு அடி குடுத்தா நேராயிடும்," என்றேன்.

"நேராயிடும் அண்ணே. பாக்க நேரா இருக்கும். அவ்ளோதான். ஒரு தடவ மீளாம வளைஞ்ச இரும்ப நம்பி யாரு உக்காருவா?"

உட்காரப் போவது யார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அவர்களுடைய வேலையில் ஒரு வழக்கம் உண்டாம். புத்தகத்தில் இல்லாத மாதிரி ஒரு பாகத்தைச் செய்து மாட்டினால், 'இது தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டவனும் முதல் பயணத்தில் கூடப் போக வேண்டும். கணக்குப் போடுகிறவன் கை தவறாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று விமானி சிரித்தான். ஃபிட்டரும் சிரித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கல்யாணம் ஆயி அஞ்சு மாசந்தான் ஆவுது. அவகிட்ட லாரியிலதான் போயிட்டு வருவேன்னு சொல்லியிருக்கேன்," என்றார்.

லாலாங் புல்லுக்குள் சப்பான் காலத்து லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்சக்கரத்து அச்சுத் தண்டை உருவிக்கொள்ளலாம் என்றார் எஞ்சின்காரர். நானும் அவரும் கழற்றி எடுத்து வந்தோம். என் கை நீளத்துக்கு மேல் இருந்தது. ஃபிட்டர் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, கனத்தை ஒரு கவ்வு அளவுகோலால் ஐந்தாறு இடத்தில் அளந்தார். பதினோரு நூல். நூல் என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த அளவு. அது அவர் வாயிலிருந்தும் வந்ததில் எஞ்சின்காரருக்குப் பரம சந்தோஷம்.

பிறகு அவர் விமானத்தின் இறக்கை நிழலில், கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கையில் காகிதம் இல்லை. விமானத்துக்குள் கட்டுக்கட்டாகக் கிடந்த சரணடையும் தாள்களை எடுத்து, எழுதாத பின்பக்கத்தில் எழுதினார். பையிலிருந்து ஒரு மரச்சட்டத்தை எடுத்தார். அதன் நடுவே இன்னொரு மெல்லிய சட்டம் முன்னும் பின்னும் ஓடியது. இரண்டிலும் மயிர்க்கோடுகள், எண்கள். உள்சட்டத்தை இழுப்பார், கண்ணாடித் துண்டை நகர்த்துவார், ஓர் எண்ணை எழுதுவார். பெருக்குவதையும் வகுப்பதையும் அந்தக் குச்சியே செய்கிறது என்றார். எனக்கு மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வாங்கிய அடி ஞாபகம் வந்தது. இந்தக் குச்சியை யாராவது அப்போதே கொடுத்திருக்கலாம்.

"இதுல என்ன தேடுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சலித்துக்கொள்ளவில்லை. விமானத்தின் எடை, இரண்டு ஆள், பெட்ரோல், எல்லாம் சேர்த்து இரண்டு சக்கரத்துக்கும் பங்கு. இது சும்மா நிற்கும்போது. இறங்கும்போது தரை மேல் வந்து மோதுவதால் அதே எடை மூன்று மடங்காக அச்சை அழுத்தும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்துவது சக்கரத்தில். ஆனால் அச்சு ஒடிந்தால் அங்கே ஒடியாது, காலோடு சேரும் வேரில்தான் ஒடியும். அந்த வேரில் எவ்வளவு வளைப்பு வருகிறது என்பதைத்தான் தேடுகிறேன் என்றார். பளுவையும், அது வேரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற தூரத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும்.

காலைப் பால் ஊற்றிவிட்டுத் திடல் வழியாக வந்த அக்கா ஒருவர், தோளில் வாளி சுமக்கும் காண்டாக் கம்பும் இரண்டு காலி வாளியுமாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் நன்றாகப் பால் வெட்டுகிறவர்களில் ஒருவர். யாருக்கும் பயப்பட மாட்டார்.

"இதுக்கா இவ்ளோ எழுத்து? காண்டா ஒடிஞ்சா தோளுகிட்டத்தான் ஒடியும், வாளிகிட்ட எங்கயாச்சும் ஒடியுமா? வாளிய தோளுகிட்ட இழுத்துக்கிட்டா ஒடியாது. எங்க வீட்டுப் பிள்ளைக்கே தெரியும்."

ஃபிட்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "சரியாச் சொன்னீங்கக்கா. எப்ப ஒடியும்னு சொல்ல முடியுமா?"

"ஒடிஞ்சப்புறம் சொல்லுவேன்."

"ஒடியறதுக்கு முன்னாடி சொல்லணும். அதுக்குத்தான் இவ்ளோ எழுத்து."

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு வாளிகளை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கணக்கு முடிந்தது. அதை நம்புவதற்கு முன் தண்டையே கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார் ஃபிட்டர். ஆலையில் பழைய ரப்பர் உருளை மிஷின் ஒன்று இருந்தது. அதன் வார்ப்பிரும்புச் சட்டத்தில் தண்டின் ஒரு முனையை அசையாமல் போல்ட் போட்டு இறுக்கினோம். மீதி இரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு கொக்கி, கொக்கியில் தொங்கும் பலகை. நுனியிலேயே ஒரு கோணி ஊசியைக் கட்டினார். ஊசிக்கு எதிரே ஒரு பலகையை நட்டு, ஊசி காட்டிய இடத்தில் கோடு கிழித்தார். விமானத்தில் அச்சு குட்டை, இறங்கும்போது வரும் பளு பெரிது. இங்கே தூரம் அதிகம், ஆகவே சின்னப் பளு போதும், வேருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். அந்தச் சின்னப் பளு நானூற்று இருபத்தைந்து.

"அத வச்சா நுனி எவ்ளோ தாழும்னு தெரியுமா?" என்று எஞ்சின்காரர் கேட்டார்.

ஃபிட்டர் குச்சியை இழுத்தார், நகர்த்தினார். சுண்ணக்கட்டியால் பலகையில் முதல் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். "மூணு நூல். இந்தக் கோட்டுல வந்து நிக்கும்."

இன்னும் ஒரு கல்கூட ஏற்றவில்லை. தண்டு இதுவரை இப்படிச் சுமந்ததே இல்லை. அது எங்கே வந்து நிற்கும் என்று அவர் கோடு போட்டுவிட்டார். ஜோசியக்காரன்கூட நாள் கிழமை சொல்வான், இடத்தைக் கோடு போட்டுக் காட்ட மாட்டான்.

பளுவுக்கு ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை வைப்பது என்று முடிவு. எடை போட்டுக் கட்டும் வேலை எனக்கு. முந்தின வருடம் காட்டிலிருந்து வந்தவர்கள் ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டுக்குத் தீ வைத்தபோது ஆலையின் பெரிய தராசும் அதோடு போய்விட்டது. அதிலிருந்து பெம்பான் சீனன் கடையில் வாங்கிய டாச்சிங்கில்தான் எல்லாம் எடை போட்டுவந்தோம். ஆள் உயரக் கோல், அதில் புள்ளிக்குறிகள், ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் நகர்த்தும் கல். கோலின் கயிற்றை ஒரு கழியில் மாட்டி, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அக்காவும் தோள் கொடுத்து, நூறு நூறாக நான்கு கட்டும் இருபத்தைந்தில் ஒரு கட்டும் எடை போட்டோம். கோல் மட்டமாக நிற்கும்வரை கல்லைத் தட்டித் தட்டி வைத்தேன். அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் எடை போட்டதில்லை.

"எவ்ளோ அண்ணே?"

"நானூத்தி இருபத்தஞ்சு."

"சரியா இருக்குமா?"

"மயிரளவு தப்பாது."

ஒவ்வொரு கட்டாகப் பலகையில் இறக்கினோம். ஊசி இறங்கியது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், வெயில் சுவரில் இறங்குவது மாதிரி. மூன்றாவது கட்டு வைத்ததுமே ஊசி சுண்ணக்கோட்டைத் தொட்டுவிட்டது. நான்காவது கட்டுக்குக் கோட்டைத் தாண்டியது. இருபத்தைந்தையும் வைத்த பிறகு ஃபிட்டர் குனிந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாலு நூல்," என்றார்.

விமானி உள்ளே வந்து பார்த்தான். ஃபிட்டர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிதானமாகப் பதில் சொன்னான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்துச் சொல்தான். அதில் ஒன்று நெருப்பு. அவன் கெட்டவன் இல்லை. தெரியாத ஒன்றின் மேல் ஏறி உட்கார அவனுக்கும் மனமில்லை, மற்றவரை உட்கார வைக்கவும் மனமில்லை.

"சப்பான்காரன் இரும்புடா, அப்படித்தான் இருக்கும்," என்றார் எஞ்சின்காரர். அவர் குரலே இறங்கியிருந்தது. அந்தத் தண்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஃபிட்டர் தலையை ஆட்டினார். "இரும்பு மட்டமா இருந்தா இப்படி ஆவாதுண்ணே."

அப்போது அவர் சொன்னதை நான் இன்றுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் நம்புவதில்லை. நல்ல உருக்கும் மட்டமான உருக்கும் ஒரே கனம், ஒரே நீளம் இருந்தால், ஒரே பளுவுக்கு ஒரே அளவுதான் தாழும். கத்தி செய்யும் உருக்கானாலும் ஆணி செய்யும் இரும்பானாலும் அந்த அளவு பெரிதாக மாறாது. பளுவை எடுத்த பிறகுதான் வித்தியாசம். நல்லது பழைய இடத்துக்கே திரும்பி வரும். மட்டமானது கொஞ்சம் தாழ்ந்தபடியே நின்றுவிடும். ஆகவே நான்கு நூல் என்பது இரும்பின் குற்றமாக இருக்க முடியாது, அளவில்தான் எங்கோ பிசகு என்றார்.

நீளத்தை மறுபடி அளந்தார், சரி. கனத்தை அளந்தார், அதே பதினோரு நூல். சட்டத்தின் போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார், அசைவில்லை. கணக்குத் தாள்களை எடுத்து முதலிலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. பிசகைக் கண்டுபிடிக்கவில்லையென்றால் விமானம் எரியும். கண்டுபிடிக்காமலே 'தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டால் அவர் அதில் உட்கார வேண்டும். அவர் எதை நினைத்தாரோ தெரியாது. வாய் மட்டும் முணுமுணுத்தது.

"மூணு வரணும், நாலு வருது. மூணுக்கு நாலு. மூணுக்கு நாலு..."

"மூணுக்கு நாலா?" என்றார் அக்கா. ரப்பர் மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "அது கட்டிக் கணக்குலா. மூணு கட்டின்னா நாலு பவுண்டு. சீனன் கடையில ரேஷன் வாங்குற பொம்பளய கேட்டா சொல்லுவா."

ஃபிட்டர் மெல்லத் திரும்பினார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அண்ணே. நீங்க எதுல எடை போட்டீங்க?"

"டாச்சிங்குல."

"அதுல இருக்குற கோடு என்ன கோடு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீனன் கடை டாச்சிங்கில் இருப்பது கட்டிக் கோடு. ஒரு கட்டி ஒரு பவுண்டை விட மூன்றில் ஒரு பங்கு கூட. ஒரு வருடமாக நாங்கள் நூறு, நூறு என்றே கத்திக்கொண்டு எடை போட்டோம். கட்டி என்ற சொல்லை வாயால் சொல்வதையே விட்டுவிட்டோம். எங்களுக்குள் வேறு அளவு எதுவும் இல்லாததால் அது தேவைப்படவில்லை. கிராணி ஆபீசில் உட்கார்ந்து பவுண்டாக மாற்றி எழுதிக்கொள்வார். ஃபிட்டர் எழுதியதெல்லாம் பவுண்டு.

"கட்டி," என்றேன்.

"மயிரளவு தப்பாதுன்னான்!" என்று எஞ்சின்காரர் வெடித்தார். "மயிருல கட்டி மயிரு, பவுண்டு மயிருன்னு ரெண்டு இருக்கா உனக்கு?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவரும்தான் என்னோடு எடை போட்டார், அது அவருக்கு நினைவே இல்லை.

ஃபிட்டர் சிரிக்கவில்லை. குச்சியை எடுத்து நானூற்று இருபத்தைந்து கட்டியைப் பவுண்டாக்கினார். அதை வைத்து மறுபடி நுனி எவ்வளவு தாழ வேண்டும் என்று பார்த்தார். கண்ணாடித் துண்டு ஓரிடத்தில் நின்றது. அந்த மயிர்க்கோட்டை என்னிடம் நீட்டிக் காட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "நாலு நூல். சரியா நாலு."

நான் மனிதர்களிடம் பொய் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அந்தத் தண்டு சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் மூன்று என்று சொன்னபோது அது நான்கு என்றது, எங்களைத் திருத்தியது. பேசாத இரும்பு, தன் மேல் வைத்ததை எடை போட்டு, யார் என்ன சொன்னாலும் சரியான இடத்தில் போய் நின்றது. அதை முன்கூட்டியே கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். சயாமில் நான் நூறு பாலங்களுக்கு மரம் சுமந்திருக்கிறேன். மேலே ரயில் ஏறும்போது கீழே மரம் முனகும், நாங்கள் சாமியைக் கும்பிடுவோம். மரம் எவ்வளவு தாழும் என்று கேட்கலாம் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

ஃபிட்டர் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகப் பேசினார். "கட்டி பவுண்டவிடப் பெருசு. அதனால தண்டுக்குக் கூட ஏத்திட்டோம். நம்ம நல்ல நேரம். சின்னதா இருந்திருந்தா கொறைச்சி ஏத்திட்டு, தாங்கிருச்சின்னு நான் ஏறி உக்காந்திருப்பேன் அண்ணே."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவர் கேட்டதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடச் சுமந்த தண்டு திரும்பி வருமா? மட்டமான இரும்பாக இருந்தால் இந்நேரம் அதன் வேர் மீளாத வளைவு வளைந்திருக்கும். அப்படியானால் என் தவறே அதைக் கெடுத்ததாகும். விமானியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். நானே கட்டுகளை இறக்கினேன். ஒவ்வொன்றையும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தேன். ஊசி ஏறியது. மூன்று, இரண்டு, ஒன்று. கடைசிக் கட்டை இறக்கியபோது என்னால் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின்காரர் என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். நிமிர்ந்து பார்த்தேன். ஊசி முதல் கோட்டின் மேலேயே நின்றது. கோடு ஊசிக்குப் பின்னால் மறைந்து போயிருந்தது.

விமானி ஃபிட்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, என் கையையும் பிடித்துக் குலுக்கினான்.

ஆறு மணி ஊரடங்குக்குள், சோதித்த அந்தப் பகுதியையே அறுத்து, காலின் துவாரத்துக்குப் பொருந்த ஓர் உறை கடைந்து முடித்தோம். மறுநாள் விடிந்ததும் மாட்டினோம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து வந்த ஆட்கள் கானை மண் போட்டு மூடி, திடலில் இருந்த மேட்டையெல்லாம் வெட்டிச் சமப்படுத்தினார்கள். விமானியும் ஃபிட்டரும் ஏறினார்கள். ஃபிட்டர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார், எங்கள் பக்கம் திரும்பவில்லை.

நான் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மற்றவர்கள் விமானத்தைப் பார்த்தார்கள், நான் இடது சக்கரத்தைப் பார்த்தேன். அது ஓட ஆரம்பித்தது. சிறு பள்ளங்களில் விழுந்து எழும்போதெல்லாம் கால் விரிந்து கூடியது, ரப்பர்க் கயிறு நீண்டு சுருங்கியது. ஒவ்வொரு அடியும் அந்த வேரில்தான் போய் விழுகிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாகப் பார்த்து ரசித்திருப்பேன். பால்மரங்களுக்கு முன்னால் அது தரையை விட்டது. சக்கரம் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டே போனது.

எல்லாரும் கை தட்டினார்கள். எஞ்சின்காரர், "முடிஞ்சதுடா, வா, வேல கிடக்கு," என்றார்.

முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று மடங்கு என்று அவர் எழுதியது ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு.

நான் பட்டறைக்குப் போகவில்லை. ஆபீஸ் சன்னலுக்கு வெளியே போய் நின்றேன். மலாக்காவுக்குப் பறக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது. டெலிபோன் கம்பியைக் காட்டுக்காரர்கள் அடிக்கடி அறுப்பார்கள், அன்று அறுக்கவில்லை. கிராணி என்னைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கையில் வைத்திருந்தார், எழுதவில்லை. சுவர்க்கடிகாரம் கால்மணியைத் தாண்டியது, அரைமணியைத் தாண்டியது. ஓட்டின் மேல் காகம் நடக்கும் சத்தம் கேட்டது. நான் ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மணி அடித்தது. கிராணி எடுத்து, ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசி, பிறகு தமிழுக்கு மாறி, "ஆமா, இங்கதான் நிக்கிறான்," என்றார். சன்னல் வழியாகக் கருவியை என்னிடம் நீட்டினார். நான் அதுவரை டெலிபோனைத் தொட்டதில்லை. தலைகீழாகப் பிடித்தேன். அவர் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே," என்றது குரல், எறும்பு பேசுவது மாதிரி. "இறங்கியாச்சு. நல்லாத் தூக்கிப் போட்டுச்சு, ரெண்டு தடவ. என் பல்லே ஆடிப் போச்சு. சக்கரத்தக் கழட்டி இப்பத்தான் சட்டம் வச்சுப் பாத்தேன். வெளிச்சமே தெரியல அண்ணே. நேரா இருக்கு."

"பேசுடா," என்றார் கிராணி.

எனக்குப் புரிந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினேன், அவரால் அதைப் பார்க்க முடியாது என்பதுகூடத் தோன்றாமல், ஆட்டிக்கொண்டே இருந்தேன்.